சிவப்பு என்றால் நின்றுவிட்டது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர வருமா பெரிய ற வருமா என்று சந்தேகம் வந்த இடத்தில் மகளின் பாடப் புத்தகத்தில் தேடிப் பார்த்துப் போட்டிருக்கிறேன். மகளிடம் கொடுத்தால் ஒரே மூச்சில் திருத்திவிடுவாள். ஆனால் இதை அவளிடம் இப்போது கொடுக்க முடியாது. இது அவளைப் பற்றியது.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாவது படிக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறோம். மழைக்கு மூடின பள்ளிக்கூடம் திறந்த பிறகு அவள் ஒரு நாள்கூடப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறாள். மேகம் கறுத்தால் அங்கிருந்து எழுந்து உள்ளே வரமாட்டாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவளை எப்படித் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்பதைத் தவிர இந்த மாதம் எனக்கும் என் மனைவிக்கும் வேறு யோசனை கிடையாது.

நாங்கள் மணிமங்கலத்தில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். சுவரோடு சுவர் ஒட்டின எட்டு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மொட்டை மாடி. எட்டு வீட்டிலும் கம்பெனி ஆட்கள்தான். என் மனைவி ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் கான்ட்ராக்ட். நான் அதே ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் டிராலி தள்ளுகிற ஹெல்பர். பக்கத்து வீட்டில் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். அதில் ஒருத்தி கம்பெனியில் என் மனைவியின் லைனிலேயே வேலை செய்கிறவள். அவளுக்கு டி.வி. எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பும் எங்கள் வீட்டில். என் மனைவியை அக்கா என்பாள், என்னை அண்ணாச்சி என்பாள்.

கம்பெனியைப் பற்றி ஒன்று சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். ஆட்கள் வரிசையாக நின்று வேலை செய்கிற ஒவ்வொரு லைனுக்கும் தலைக்கு மேல் ஒரு கம்பத்தில் மூன்று விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் லைன் ஓடுகிறது. மஞ்சள் எரிந்தால் ஏதோ தடங்கல், யாராவது வந்து பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால் லைன் நின்றுவிட்டது. நான் பார்த்த கம்பெனிகளில் எல்லாம் இப்படித்தான். நம் பாஷை தெரியாமல் வடக்கிலிருந்து வருகிற பையன்கூட முதல் நாளே இதைத் தெரிந்துகொள்வான். சிவப்பைப் பார்த்தால் கை தானாக நிற்கும். சிலர் தண்ணீர் குடிப்பார்கள், சிலர் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். வருஷக்கணக்காக அந்த வெளிச்சத்தின் கீழ் நின்றவர்களுக்கு அந்த நிறங்களுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே தோன்றாது.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் வானிலையைக் கவனிக்க வேண்டும். நெட் இருந்தால் அதிலும் தேடிப் பார்க்கலாம். முறை வைத்து ஒவ்வொருவராகக் காலைப் பிரார்த்தனையில் எல்லார் முன்னாலும் நின்று அன்றைய வானிலையைச் சொல்ல வேண்டும். மகள் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

“யம்மா, நம்ம வூட்ல நெட் கீதா?”

“கொசு நெட்டு ஒண்ணு கீது. அதுவும் ஓட்டை,” என்றாள் என் மனைவி.

சொன்னாளே தவிர, அடுத்த வாரமே லைனில் கூட வேலை செய்கிற வேறொருத்தியிடம் ஒரு பழைய டச் போன் வாங்கி வந்துவிட்டாள். ஓரத்தில் கண்ணாடி கீறியிருந்தது. எனக்கு அதைத் தொடவே பயம். என் விரல் காய்ப்பு ஏறினது. நான் தொட்டால் அந்தப் போன் பாதி நேரம் கேட்காது. மகள் தொட்டால் உடனே கேட்கும்.

வீட்டுக்குள் சிக்னல் வராது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நானும் அவளும் மொட்டை மாடிக்குப் போவோம். அவளோடு லைன் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஏறி வந்துவிடும். பெரியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. கம்பெனி கேன்டீனில்கூட மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பிள்ளைகளிடம் அந்தக் கூச்சம் இல்லை. வெயிலில் போன் தெரியாது என்பதால் நான் துண்டை விரித்துப் பிடிப்பேன், அந்த நிழலுக்குள் எல்லாத் தலையும் நுழையும். தமிழில் எழுதியிருக்கிற பக்கம் கிடைத்தால் நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நான் ஒரு வரி முடிப்பதற்குள் அவர்கள் மூன்று வரி போயிருப்பார்கள். ஆனாலும் என்னைப் படிக்க விட்டார்கள்.

நமக்கு மழை ஏன் ஐப்பசி கார்த்திகையில் வருகிறது, கேரளாவுக்கு மட்டும் ஏன் ஆனியிலேயே கொட்டுகிறது, ஆவணியில் சாயங்காலத்தில் மட்டும் ஏன் இடி இடிக்கிறது எல்லாம் அந்தத் துண்டு நிழலில்தான் எனக்கும் தெரிந்தது. இத்தனை வருஷம் நனைந்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. வானிலைக்கும் காலநிலைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் வந்தது. வானிலை என்பது இன்றைக்கு நடப்பது, காலநிலை என்பது பல வருஷம் பார்த்துச் சொல்வது என்று போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு அது பிடிபடவில்லை. என் மகள்தான் சொன்னாள்.

“எங்கம்மா இன்னிக்குக் கோவமா கீது இல்ல, அது வானிலை. எங்கம்மா கோவக்காரி. அது காலநிலை.”

கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் காதில் அது விழுந்துவிட்டது. “எறங்கி வாடி, புயல் எச்சரிக்கை குடுக்கிறேன்,” என்று கத்தினாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தன.

மழைப் படத்தைக் கண்டுபிடித்தது கோவில்பட்டிப் பெண். ஒரு நாள் மாடிக்கு வந்து போனை வாங்கி எதையோ தேடினாள். “அண்ணாச்சி, இங்ஙன பாருங்க. மழ நடந்து வாரத காட்டுது,” என்றாள். கறுப்புப் படத்தில் கடற்கரை ஒரு கோடாகத் தெரிந்தது. கடலிலிருந்து பச்சைத் திட்டு ஒன்று புறப்பட்டு ஊரைப் பார்த்து வந்தது. திட்டின் நடுவில் மஞ்சள், அதற்கு நடுவில் பொட்டு வைத்ததுபோல் சிவப்பு. பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தன.

“இந்தக் கலரெல்லாம் இன்னா?” என்றாள் மகள்.

என் மனைவி காய்ந்த துணியை எடுக்க மேலே வந்திருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

“இது தெரியாதா? பச்சைன்னா ஓடிக்கினு கீது, மழை பெய்யுது. மஞ்சள்னா தடங்கலு, உட்டு உட்டுப் பெய்யும். செகப்புன்னா நின்னுடிச்சு.”

“அட ஆமாக்கா! நம்ம லைன் லைட்டுல்லா!” என்றாள் கோவில்பட்டிப் பெண். “மேலயும் ஷிஃப்டு போட்டுத்தான் மழ பெய்யுதாக்கும்.”

“ஓ.டி. காசு குடுப்பாங்களா கேளு,” என்றாள் என் மனைவி.

எல்லாரும் சிரித்தோம். நானும் தலையை ஆட்டினேன். அந்தப் படத்தின் ஓரத்தில் நிறங்களை அடுக்கினமாதிரி ஒரு பட்டையும் பக்கத்தில் இங்கிலீஷும் எண்களும் இருந்தன. அது என்ன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. தெரிந்ததை யார் திரும்பக் கேட்பார்கள்?

அது தப்பு என்று ஏன் அத்தனை நாள் தெரியவில்லை என்றால், எங்கள் நெட் மெதுவானது. படம் வந்து விழ நேரமாகும். வந்த படமும் சற்று முன்னால் எடுத்ததாகவே இருக்கும். பச்சை தெரிகிறபோது வெளியே தூறிக்கொண்டிருக்கும். சிவப்பு எங்கள் தலைக்கு மேல் வந்து நிற்பதைப் படம் காட்டுகிறபோது, அடித்த மழை அடித்து ஓய்ந்திருக்கும். பிள்ளைகள் கையை நீட்டிப் பார்த்து, “நின்னுடிச்சு! செகப்பு வந்திச்சு, நின்னுடிச்சு!” என்று கத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது.

பிரார்த்தனையில் மகள் சொன்ன வானிலை டீச்சருக்குப் பிடித்துப்போய், முறை இல்லாத நாளிலும் அவளையே கூப்பிட ஆரம்பித்தார். லைன் வீட்டில் அவளுக்கு மழை மேடம் என்று பேர் வந்துவிட்டது. காலையில் தண்ணீர் பிடிக்கும்போதே யாராவது கேட்பார்கள். “இன்னா மழை மேடம், பெட்ஷீட் தோய்க்கலாமா?” அவள் போனைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “தோய்ச்சிக்கோங்க. ஆனா மத்தியானத்துக்குள்ள எடுத்துருங்க,” என்பாள். என் சாயலில் பிறந்தவள் அப்படி நாலு பேர் முன்னால் நின்று பேசுவதைப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்ததுபோல் இருக்கும்.

தீபாவளிக்குப் பிறகு மழை விடவில்லை. ஏரிகள் நிரம்பின. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள், திறந்தார்கள், மறுபடி விட்டார்கள். கம்பெனிக்கு அப்படி விடுமுறை இல்லை. என் மனைவி நவம்பரில் பஸ் வராமலும் காய்ச்சலிலும் சில நாள் போகவில்லை. இன்னும் ஒரு நாள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கான்ட்ராக்டர் போனில் சொல்லிவிட்டான்.

டிசம்பர் முதல் தேதி. நான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பாயில் கிடந்தேன். என் மனைவிக்கு செகண்ட் ஷிஃப்ட், மத்தியானம் பஸ். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் பையைக் கட்டிவிட்டு வாசலில் நின்று யோசித்தாள். “இன்னாங்க, போவட்டுமா வோணாமா?” என்றாள். நான் எழுந்து உட்கார்ந்து வானத்தைப் பார்த்தேன். மகள் குடையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். சிக்னல் கிடைத்துப் படம் வருவதற்கு நேரமானது. பிறகு படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

“யம்மா, மொத்தமும் செகப்பா கீது! நம்ம ஊரு, படப்பை, ஒரகடம் எல்லாமே செகப்பு. நின்னுடப் போவுது. நீ தைரியமாப் போ.”

“அப்பாடா. மழை மேடமே சொல்லிட்டாங்கோ,” என்று என் மனைவி அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் குடையை விரித்தாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கோவில்பட்டிப் பெண்ணுக்கு அன்று வேறு ஷிஃப்ட், அதனால் அவள் போகவில்லை.

மழை நிற்கவில்லை. சாயங்காலம் தெருவில் தண்ணீர் ஓடியது. இருட்டுவதற்குள் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. அரிசி மூட்டையையும் டி.வி.யையும் தூக்கிக்கொண்டு எட்டு வீட்டு ஆட்களும் மாடிக்குப் போய்த் தார்ப்பாயைக் கட்டி அடியில் உட்கார்ந்தோம். கரண்ட் இல்லை. என் மனைவியிடம் இருந்த பட்டன் போனுக்கு அடித்தும் போகவில்லை. பிறகு சிக்னலே போய்விட்டது. என் மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வந்த படம் அப்படியே நின்றிருந்தது. புதிதாக ஒன்றும் வரவில்லை. முழுக்கச் சிவப்பு. அதன் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

“நின்னுடிச்சுன்னுதானே போட்டுக்குது. ஏம்ப்பா நிக்கல?”

நான் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துப் பிடித்தேன். போன் சார்ஜ் தீர்ந்து அணையும் வரைக்கும் அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் மகளைக் கோவில்பட்டிப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் படப்பைப் பக்கம் நடந்தேன். ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் ரோட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ரோடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் கூட்டமாக நின்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கயிறு பிடித்து ஓரிருவர் வந்தார்கள். முன்பின் தெரியாதவரிடம் மணி கேட்கக்கூட வாய் வராதவன் நான். அன்றைக்கு வந்த ஒவ்வொருவர் சட்டையையும் பிடித்து, ஒயர் கம்பெனி பஸ்ஸைப் பார்த்தீர்களா என்று கத்தினேன். ஒருவர், “பஸ்ஸு ஒண்ணு சாஞ்சிக்கினு கீதுன்னு சொன்னாங்கப்பா. எந்த பஸ்ஸுன்னு தெரியல,” என்றார். அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வார்த்தையை வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது என்று யோசித்து, சொல்லாமலே இருந்துவிட்டேன். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் மகள் மாடியின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. கோவில்பட்டிப் பெண் சோற்றைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே அலைந்தாள். “ஏட்டி, ஒரு வாய் தின்னுட்டி. ஒங்கம்மா வந்து என்னயத்தான் ஏசுவா.” அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் தேதி தண்ணீர் வடிந்த பிறகு என் மனைவி நடந்தே வந்தாள். செருப்பு இல்லை. ஒரு காலில் யாருடைய துப்பட்டாவையோ கிழித்துக் கட்டியிருந்தாள். படப்பை தாண்டினதும் பஸ் தண்ணீரில் நின்றுவிட்டதாம். டிரைவர் எல்லாரையும் இறக்கி, துப்பட்டாக்களை முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்து மாடிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தண்ணீருக்கடியில் கிடந்த தகரம் காலைக் கிழித்துவிட்டது. மண்டபத்தில் கிடைத்ததைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறார்கள். சாய்ந்த பஸ் வேறு பஸ். இதையெல்லாம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லிக்கொண்டே மகளைக் கூப்பிட்டாள். மகள் கிட்டே வரவில்லை. தூரத்திலிருந்து அம்மாவின் காலில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் போனைத் தொடவில்லை. ராத்திரி தூங்கவில்லை. என் மனைவி அவள் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “வேலைக்குப் போனது நான்தானேடி? உன் மேல இன்னா கீது?” என்று கேட்டுப் பார்த்தாள். “நெட்ல பாத்தது நானு. ‘போ’ன்னு சொன்னது நானு,” என்றாள் மகள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கரண்டும் சிக்னலும் வந்த பிறகு, எங்கே தப்பு நடந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. நெட் பொய் சொல்லிவிட்டது என்று அவள் நினைக்கிறாள், இனிமேல் எதையும் நம்பமாட்டாள், அதுதான் அவள் நோய் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கோவில்பட்டிப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். அவளும் நானும் மாடியில் உட்கார்ந்து தேடினோம். தமிழில் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதின ஒரு பக்கம் கிடைத்தது. விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். பச்சை என்றால் லேசான மழை. மஞ்சள் அதைவிடப் பலமானது. சிவப்பு என்றால் மிகப் பலமான மழை.

கோவில்பட்டிப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அய்யோ அண்ணாச்சி. நானும்லா அன்னைக்கி தலைய தலைய ஆட்டுனேன்.”

உடனே இறங்கிப் போய் மகளிடம் சொன்னேன். நெட் பொய் சொல்லவில்லை, நம் எல்லாருக்கும் கம்பெனி விளக்கு கண்ணில் இருந்தது, அதனால் மாற்றிப் படித்துவிட்டோம் என்று என்னால் முடிந்த மட்டும் விளக்கினேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. பேசி முடித்ததும் ஒரு சுமை இறங்கின மாதிரி இருந்தது எனக்கு.

அவள் என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

“அப்ப அது சரியாத்தான் சொல்லிக்கினு இருந்திச்சு,” என்றாள். “எனக்குத்தான் பாக்கத் தெரியல. தெரிஞ்சிருந்தா அம்மாவ நிறுத்தியிருப்பேன்.”

அன்றைக்கு ராத்திரிதான் காய்ச்சல் கண்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், காய்ச்சல் இறங்கிவிட்டது. மற்றது இறங்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. யூனிஃபார்மைப் போட்டுவிட்டால் போட்டபடி உட்கார்ந்திருப்பாள். “பிரார்த்தனைல கூப்பிடுவாங்க. நான் சொன்னா யாருனா செத்துப் பூடுவாங்க,” என்றாள். டீச்சர் வீட்டுக்கு வந்து, யாரும் கூப்பிடமாட்டோம், சும்மா வந்து உட்காரம்மா என்று கெஞ்சினார். அவர் இருக்கும்வரை தலையை ஆட்டினாள். காலையில் எழுந்து வாசற்படிக்குப் போய்விட்டாள். இது இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறதா, இல்லை இனிமேல் என் பிள்ளையே இப்படித்தானா என்று யோசித்துக்கொண்டு நான் டிராலி தள்ளினேன். இரண்டு தடவை டிராலியைத் தூணில் மோதிவிட்டேன். கோயில் வாசலில் நின்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டுவது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை.

கால் ஆறுவதற்கு முன்பே என் மனைவி வேலைக்குப் போயாக வேண்டிவந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அவள் கம்பெனியில் எல்லாருக்கும் பகல் ஷிஃப்ட் மட்டும் போட்டிருந்தார்கள். அவள் கிளம்பின முதல் நாள் வானம் மூட்டமாக இருந்தது. மகள் பஸ் நிற்கிற தெருமுனை வரைக்கும் வந்து சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. “உடுடி கண்ணு, பஸ்ஸு பூடும்,” என்று என் மனைவி விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். பஸ்ஸிலிருந்து யாரோ, “இன்னாக்கா, வரியா இல்லியா?” என்று குரல் கொடுத்தார்கள். பையின் காது அறுந்துவிடும்போல் இருந்தது.

எனக்கு ஒன்றும் தோன்றாமல் போனை எடுத்தேன். தெருமுனையில் ஓரளவு சிக்னல் வரும். அந்தப் படத்தைத் தேடித் தொட்டேன். கேட்கவில்லை. மறுபடி தொட்டேன். வேறு எதுவோ வந்தது, பாட்டு ஒன்று பாடியது. துடைத்துத் துடைத்துத் தொடுகிறேன், என் விரலுக்கு அது மசியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில், பஸ் நிறையப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் அழுதேன்.

“குடுப்பா,” என்றாள் மகள்.

ஒரு கையால் பையைப் பிடித்தபடி மறுகையால் வாங்கினாள். கட்டைவிரலால் இரண்டு தட்டு. படம் வந்தது. கடலோரத்தில் மெல்லிசாகப் பச்சை. ஓரத்தில் இருக்கும் அந்தப் பட்டையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி பட்டையைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

“தூறல்தான். போ,” என்றாள். கையை எடுத்தாள்.

அன்று முழுக்க அவள் மாடியிலும் வாசற்படியிலுமாக உட்கார்ந்து அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாப்பிட எழுந்திருக்கவில்லை. போட்டிருந்த நெட் தீர்ந்துபோய் நான் ஓடிப்போய்த் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தேன். சாயங்காலம் என் மனைவி பஸ்ஸை விட்டு இறங்கி, “சொன்னா மாதிரியே தூறல்தான்டி, மழை மேடம்!” என்று சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் இரண்டு காலையும் குனிந்து பார்த்தாள். “நாளைக்கும் போவணுமா?” என்று கேட்டாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். காலையில் பார்த்துச் சொல்லி அம்மாவை அனுப்புகிறாள், சாயங்காலம் வரைக்கும் போனோடு உட்கார்ந்திருக்கிறாள். வானம் வெளுத்து வெயில் அடிக்கிற நாளிலும் விடுவதில்லை. நான் பார்க்காத நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்கிறாள். அவள் போனைத் தொட்டதற்குச் சந்தோஷப்படுவதா, இல்லை இது முன்னைவிட மோசமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் போன் கொண்டுபோகக்கூடாது. போன் இல்லாமல் அவள் போகமாட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் அவளிடம் ஒன்று கேட்டுப் பார்த்தேன். நான் நைட் ஷிஃப்ட்டாகவே வாங்கிக்கொள்கிறேன். சூப்பர்வைசரிடம் போய் நின்று வாயைத் திறந்து கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டார். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பகலில் போனை வைத்துக்கொண்டு ஸ்கூல் கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ பார்ப்பதை நான் பார்க்கிறேன். பெல் அடிக்கும்போதெல்லாம் நீ காம்பவுண்டுக்கு வந்து என்னைக் கேள். இதைச் சொன்னேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

“உனக்குப் பாக்கத் தெரியுமா?”

“நீ சொல்லிக் குடு.”

“பச்சைன்னா?”

“லேசான மழை.”

“மஞ்சள்னா?”

“பலமாப் பெய்யும்.”

“செகப்புன்னா?”

“நின்னு…” என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கம் பக்கமாகப் படித்து, மனதில் போட்டு உருட்டினவன் நான். ஆனாலும் அந்த நிறத்தின் பேரைக் கேட்டதும் அதுதான் முதலில் வந்தது. அவள் முகம் வெளிறிப்போனது. போனை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். திட்டவில்லை, அழவில்லை.

ராத்திரி பாய் விரிக்கும்போது, “நாளைக்கு மறுபடி கேப்பேன்,” என்றாள். “நடுவுல நடுவுல கேப்பேன். தூங்கும்போது எழுப்பிக் கேப்பேன். ஒரு தபாகூட தப்பாச் சொல்லக்கூடாது. அப்பால பாக்கலாம்.”

இன்று காலையில் பல் விளக்கும்போது கேட்டாள். சாப்பிடும்போது கேட்டாள். இரண்டு தடவையும் சரியாகச் சொன்னேன். இன்று அம்மாவுக்கு லீவு, வெயில் நன்றாக அடிக்கிறது. மத்தியானம் என் மனைவியின் பக்கத்தில் படுத்தவள் கண் அயர்ந்துவிட்டாள். போன் கையில்தான் இருக்கிறது. என் மனைவி அசையாமல் படுத்திருக்கிறாள், அசைந்தால் அவள் விழித்துவிடுவாள் என்று. நான் வாசற்படியில், அவள் தினமும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுந்ததும் கேட்பாள். சிவப்பு என்றால் மிகப் பலமான மழை, யாரையும் வெளியே அனுப்பக்கூடாது. சிவப்பு என்றால் மிகப் பலமான மழை. சிவப்பு என்றால் மிகப் பலமான மழை.

27 டிசம்பர் 2015, ஞாயிற்றுக்கிழமை.